உதவி: தேயிலை வெப்சைட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள்

மலைக்கொழுந்து:
வணக்கம். நாங்கள் இலங்கையின் ஊவா மாகாணத்தில், அப்புத்தளைப் பக்கம் குடும்பமாகத் தேயிலைத் தூள் பக்கட் போட்டு விற்கிறோம். தங்கச்சி பக்கட் வேலை, நான் வெப்சைட். சைட் செய்து தந்தவர் "சலுகை முடிய இன்னும் 15 நிமிடம்" என்று ஓடும் கடிகாரமும், "இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்" என்று ஒரு வரியும் போட்டார். ஆட்களின் மனதைத் தூண்டும் உத்தி, விற்பனை கூடும் என்றார். பக்கத்தை மறுபடி திறந்தால் கடிகாரம் திரும்பவும் 15இலிருந்து ஓடுகிறது. கொழும்பு, பாரிஸ், லண்டனிலிருந்து வருகிறார்கள், கூடையிலும் போடுகிறார்கள், காசு கட்டும் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். மொத்தம் 19 வகைத் தூள் இருக்கிறது. எதை மாற்றலாம்?

ஹட்டன் வாசி:
கூரியர் செலவை எங்கே காட்டுகிறீர்கள்?

மலைக்கொழுந்து:
அட்ரஸ் கொடுத்த பிறகு, கடைசியில்.

ஹட்டன் வாசி:
அப்போ அங்கேதான் ஓடுகிறார்கள். மற்றது எல்லாம் பிறகு.

பதுளை அக்கா:
தம்பி, கூரியர் விஷயம் சரி. ஆனால் அந்தக் கடிகாரத்தை இன்றைக்கே கழற்றுங்கள். அரிதாகக் கிடைப்பதற்கு மதிப்புக் கூடும் என்பது உண்மைதான். ரொபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இல் எழுதிய ஆறு தூண்டுதல்களில் அது ஒன்று. கைமாறு செய்யும் உணர்வு, சொன்ன சொல்லில் நிற்பது, நாலு பேர் செய்வதைப் பார்ப்பது, விஷயம் தெரிந்தவர் பேச்சு, பிடித்தவர் பேச்சு ஆகியவை மற்ற ஐந்து. 2016இல் 'நம்மவர்' என்ற உணர்வையும் சேர்த்தார். இதில் எதுவும் பொய்யை வைத்து நிற்காது. இரண்டாம் முறை திறந்தவருக்குக் கடிகாரம் பொய் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு 'சுத்தமான ஊவாத் தூள்' என்று நீங்கள் எழுதினால் அதையும் நம்பமாட்டார். பாரிஸுக்கு விற்பதாக வேறு சொல்கிறீர்கள். குறுகிய நேரம் மட்டுமே கிடைக்கும் என்று பொய் சொல்லி வாங்க வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே தடைப் பட்டியலில் போட்டுவிட்டது.

உங்கள் கையில் உண்மையான அவசரமே இருக்கிறதே! ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கம் வறண்ட காற்று அடிக்கும்போது எடுக்கிற கொழுந்தின் வாசத்துக்காகத்தானே ஊவாத் தூளை வெளிநாட்டில் தேடுகிறார்கள். அது முடிந்தால் அடுத்த ஜூலை வரை இல்லை. அந்தத் தூளுக்கு மட்டும் "ஆகஸ்ட் கொழுந்து. இந்த வருடத்துக்கு இருப்பது இவ்வளவு பக்கட்" என்று எழுதுங்கள். எண்ணிக்கையைத் தங்கச்சி பெட்டியைப் பார்த்து மாற்றட்டும்.

23 பேர் பார்க்கிற வரியும் வேண்டாம். ஹோட்டல் துவாய்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. துவாயை மறுபடி பாவிக்கச் சொல்லும் அட்டைகளில், "இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள்" என்று எழுதியதுதான் கூடுதலாக வேலை செய்தது. தன்னைப் போல் ஒருவர் செய்தால் மனது இறங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கியவர் சொன்ன இரண்டு வரியை, அவரிடம் கேட்டுவிட்டு, விலைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

மலைக்கொழுந்து:
நன்றி அக்கா. அப்போ 19 வகையையும் குறைக்கவா?

ஹட்டன் வாசி:
குறையுங்கள். கலிஃபோர்னியாக் கடை ஒன்றில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். 2000இல் வந்த ஆய்வு.

பதுளை அக்கா:
அந்த ஜாம் கதையை அப்படியே நம்ப வேண்டாம் அண்ணா. 2010இல் இப்படியான 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூச்சியம். எது வேண்டும் என்று தெரிந்து வருபவருக்குக் கூடுதல் வகை தொல்லையே இல்லை. பிஓபிஎஃப், ஓபி என்று தூளின் தரப் பெயரை எழுதினால் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு விளங்கும், லண்டனில் பிறந்த பிள்ளைக்கு விளங்காது. தம்பி, வகைகளை வைத்துக்கொள்ளுங்கள். 'பால் தேத்தண்ணிக்கு', 'பிளேன் டீக்கு', 'பரிசு கொடுக்க' என்று மூன்று வாசல் வையுங்கள்.

ஹட்டன் வாசி:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். தம்பி, இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் போட அனுமதி இருக்கிறதா?

மலைக்கொழுந்து:
இருக்கிறது. பக்கட்டில் அடித்திருக்கிறோம். சைட்டில் அடியில் சின்னதாகக் கிடக்கிறது.

ஹட்டன் வாசி:
இலங்கையிலேயே பக்கட் போட்ட, முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலைக்குத்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். அதை அடியில் போட்டு வைப்பதா? காசு கட்டும் பொத்தானுக்கு மேலே வையுங்கள், கூடவே "முழுக்க இலங்கைத் தேயிலை, அப்புத்தளையில் பக்கட் போட்டது" என்று ஒரு வரி. வட்ஸ்அப் இலக்கமும் அங்கேயே இருக்கட்டும். கார்ட் விவரத்தைக் கொடுக்கும் நேரத்தில்தான் 'இது யார், நம்பலாமா' என்று யோசிப்பார்கள்.

மலைக்கொழுந்து:
கடிகாரமும் 23 பேர் வரியும் போய்விட்டன. மூன்று வாசல் இன்று இரவு. சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதுளை அக்கா:
வருகிற கூட்டம் குறைவு என்றால் பக்கத்தின் இரண்டு வடிவத்தை ஓட்டி, எதில் கூட வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பிரயோசனமில்லை. சைட்டைப் பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "லண்டனில் இருக்கிற மாமிக்கு ஒரு பக்கட் அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். விரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேறு சிலரிடமும் கொடுங்கள்.

ஹட்டன் வாசி:
அதற்கு முன்னால் கூரியர் செலவைப் பக்கட் விலைக்கு நேர் கீழே போடுங்கள். உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு எடைப்படி கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ. அட்ரஸ் கேட்கும் முன்பே தெரியட்டும்.