போட வேண்டிய ஊசியைப் போடாமல் வைத்த இரவு

பிரசவ வார்டு செவிலியர்:

புதிதாக டூட்டிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்த அனுபவத்தைத்தான். 22 வயதுப் பெண், முதல் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்போடு கொண்டுவந்தார்கள். உடனே மக்னீசியம் சல்ஃபேட் ஆரம்பித்தோம். நரம்பில் 4 கிராம், இடுப்பில் இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம், அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம். மாலையே சுகப்பிரசவம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த ஊசியை அதன்பிறகு 24 மணி நேரம் தொடர வேண்டும்.

பிரசவ வலிப்புக்கு இதுதான் சிறந்த மருந்து. ஆனால் அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீர் குறைந்தால் உடம்பிலேயே சேர்ந்துவிடும். அப்படிச் சேரும்போது, முழங்காலில் தட்டினால் கால் உதறுமே, அது முதலில் போகும். அப்புறம் மூச்சு மெதுவாகும். கடைசியில் இதயமே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்றைப் பார்ப்போம்: கால் உதற வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் போயிருக்க வேண்டும்.

இரவு 2 மணி டோஸ். 10 மணிக்குக் காலி செய்த யூரின் பேக்கில் 60 மில்லிதான் இருந்தது. குழாய் எங்கும் மடங்கவில்லை. முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கித் தட்டினேன். அசைவில்லை. இரண்டு கையையும் கோத்து இழுக்கச் சொல்லித் தட்டினேன், அடுத்த காலையும் பார்த்தேன். இல்லை. ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன்: 14. கூப்பிட்டால் கண் திறந்தாள், பேச்சு குழறியது.

"ஊசி நேரம் ஆச்சே சிஸ்டர், திரும்ப வலிப்பு வந்துடாதா?" என்று அவள் அம்மா அழுதார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஊசியைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். மக்னீசியத்தை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் எப்போதும் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். டாக்டர் வந்து அதை 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றினார். நான் ஆக்சிஜன் வைத்து, பக்கத்திலேயே நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். விடியும் நேரம் தட்டியபோது கால் லேசாக உதறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன டோஸ் போட்டவர் கேஸ் ஷீட்டில் 'ரிஃப்ளெக்ஸ் இருக்கு', அதாவது தட்டினால் கால் உதறுகிறது என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். அது 10 மணி நிலவரம். 2 மணிக்கு நாம்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செவிலியர்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. சிசேரியனுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், அது தெளியும்வரை கால் எப்படியும் உதறாது. பயிற்சிக் காலத்தில் அது தெரியாமல் பதறி டாக்டரை எழுப்பிவிட்டேன். அவர் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கை மடிப்பில் கட்டைவிரலை வைத்து, அதன்மேல் தட்டி, கை இழுப்பதைக் காட்டினார்.

நோயாளியின் மகன்:

நான் நர்ஸ் இல்லை. அப்பாவுக்கு இதய பலவீனத்துக்காக டிகாக்சின் கொடுத்துவந்தார்கள். ஒருநாள் காலை சிஸ்டர் அவர் நாடியை எண்ணினார். 52. மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேளைக்கு மாத்திரை தரவில்லை என்று நான் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, "சாப்பாடு வேண்டாங்கிறாரா? குமட்டுதா? பார்க்கிறதெல்லாம் மஞ்சளா தெரியுதுன்னாரா?" என்று கேட்டார். நாடி குறைவதும் இவையும் டிகாக்சின் உடம்பில் அதிகமானதற்கு அடையாளமாம். சுவர் மஞ்சளாக இருக்கிறது என்று முந்தைய நாள் அப்பா சொல்லியிருந்தார். நான் பல்பு வெளிச்சம் என்று நினைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் குறைவு. நீர் பிரியக் கொடுத்த மாத்திரையால் அப்படி ஆகுமாம், அப்போது டிகாக்சின் இன்னும் கடுமையாக வேலை செய்யுமாம். அந்தச் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது குறைந்த அளவில் மறுபடி கொடுக்கிறார்கள். வீட்டில் நான்தான் நாடி பார்க்கிறேன். 60-க்குக் கீழே போனால் கொடுக்காமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரசவ வார்டு செவிலியர்:

தம்பி, 15 வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். அப்பாவுக்கு நாடி தாளம் தவறியும் ஓடலாம். ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்.