டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: லீஃப்ஸ் சீசனைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறோம்: சின் நம்பர் (வேலைக்குத் தேவையான அரசு எண்), வங்கிக் கணக்கு, பஸ், ரயிலுக்கு ப்ரெஸ்டோ கார்டு, நல்ல குளிர் ஜாக்கெட். அதோடு நான் இன்னொன்றும் சேர்ப்பேன். ஊர் ஐஸ் ஹாக்கி டீமான மேப்பிள் லீஃப்ஸ் நேற்று ஜெயித்ததா தோற்றதா என்று பார்த்துவிட்டு ஆபீஸ் போங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டபிறகுதான். 2025 மே மாதம், விக்டோரியா டே விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனேன். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கோ வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் "லாங் வீக்கெண்ட் எப்படிப் போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஞாயிறு ராத்திரி பிளேஆஃப் சுற்றின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் சொந்த அரங்கிலேயே ஃப்ளோரிடாவிடம் 6-1 என்று தோற்றிருந்தது. துக்க வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்ட கதைதான்.

இத்தனைக்கும் நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி மட்டையைப் பிடித்து வளர்ந்த ஊர். "எனக்கும் ஹாக்கி தெரியும்" என்று வந்த புதிதில் பெருமையாகச் சொல்லி வைத்தேன். நமக்குத் தெரிந்ததற்கு இங்கே பெயர் 'ஃபீல்டு ஹாக்கி'. வெறுமனே ஹாக்கி என்றால் பனித்தரை, ஸ்கேட், ரப்பர் வட்டு, அவ்வளவுதான்.

சரி, சீசன் எப்படி நடக்கிறது? லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள், ஒவ்வொன்றுக்கும் எண்பதுக்கு மேல் ஆட்டங்கள். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடியும், அதாவது உங்கள் முதல் குளிர்காலம் முழுக்க. ஜெயித்தால் 2 புள்ளி. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரமான ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஆறுதலாக 1 புள்ளி. அப்புறம் 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். ஐபிஎல் பிளேஆஃப் போல நான்கு ஆட்டத்தில் முடிகிற கதை இல்லை. நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் எதிரணியை நான்கு முறை வீழ்த்த வேண்டும். ஸ்டான்லி கோப்பை வேண்டுமானால் மொத்தம் 16 வெற்றி. அதற்குள் ஜூன் வந்துவிடும், நீங்கள் ஜாக்கெட்டை மடித்து உள்ளே வைத்திருப்பீர்கள்.

லீஃப்ஸ் கடைசியாக அந்தக் கோப்பையைத் தூக்கியது 1967-ல். அண்ணா முதல்வரான அதே வருஷம். அப்போது லீக்கில் இருந்ததே ஆறு அணிகள்தான். நம்மவர்களுக்கு இதைப் புரியவைக்க முன்பெல்லாம் "ஆர்சிபி மாதிரி" என்று சொன்னால் போதும். 2025-ல் ஆர்சிபியே கப் வாங்கிவிட்டதால் அந்த உவமையும் கையைவிட்டுப் போய்விட்டது.

2024–25 சீசனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். புதுக் கோச் கிரெய்க் பெரூபே, புதுக் கேப்டன் ஆஸ்டன் மேத்யூஸ். அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே பரம எதிரி மாண்ட்ரியாலிடம் 1-0 தோல்வி. அதன் பிறகு நன்றாகவே ஆடினார்கள். 52 வெற்றி, 26 தோல்வி, 4 ஓவர்டைம் தோல்வி, மொத்தம் 108 புள்ளிகள், தங்கள் பிரிவில் (டிவிஷன்) முதலிடம். வில்லியம் நீலாண்டர் 45 கோல் அடித்தார். மிட்ச் மார்னர் தான் அடித்த கோலும், மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸும் (அசிஸ்ட்) சேர்த்துத் தன் கணக்கில் 102 புள்ளி எடுத்தார். முந்தைய சீசனில் 69 கோல் அடித்த மேத்யூஸ் காயத்தோடு மல்லுக்கட்டி 33-ல் நின்றார்.

நடுவில் பிப்ரவரியில் லீக்குக்கு இடைவேளை விட்டு நான்கு நாடுகள் போட்டி நடத்தினார்கள். கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து. வரி விதிப்பேன், 51-வது மாநிலமாக்குவேன் என்று அமெரிக்க அதிபர் பேசிக்கொண்டிருந்த நேரம். மாண்ட்ரியாலில் அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூட்டம் ஊளையிட்டது. ஆட்டம் தொடங்கி 9 விநாடிக்குள் மூன்று சண்டை. அந்த அமெரிக்க அணிக்குக் கேப்டன் யார் தெரியுமா? நம் மேத்யூஸ்தான்! பாஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் மார்னர் கொடுத்த பாஸில் கானர் மெக்டேவிட் ஓவர்டைம் கோல் அடிக்க, கனடா 3-2 என்று ஜெயித்தது. அன்று ராத்திரி பேஸ்மென்டில் இருந்த எனக்கு மேலே வீட்டுக்கார அண்ணை குதித்த சத்தம் நன்றாகவே கேட்டது. அவர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பொதுவாக டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைக்கிற மனிதர்.

ஏப்ரலில் முதல் சுற்று ஒட்டாவாவோடு. 3-0 என்று முன்னால் இருந்து, அடுத்த இரண்டையும் கோட்டைவிட்டு, ஊரையே பயமுறுத்திவிட்டு ஆறாவதில் ஜெயித்தார்கள். இரண்டாம் சுற்றில் நடப்புச் சாம்பியன் ஃப்ளோரிடா. முதல் இரண்டு ஆட்டமும் லீஃப்ஸுக்கு. முதல் ஆட்டத்திலேயே கோல்கீப்பர் ஸ்டோலார்ஸுக்கு அடிபட்டது. அடுத்த மூன்றும் ஃப்ளோரிடாவுக்கு. ஆறாவது ஆட்டத்தை அங்கே போய் 2-0 என்று ஜெயித்துத் திரும்பியதும் ஊரே மறுபடி நம்பத் தொடங்கியது. மிச்சக் கதைதான் நான் மேசையில் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஃப்ளோரிடா அந்த வருஷமும் கோப்பையை எடுத்தது. மார்னர் கோடையில் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். அவர் பெயரை ஆபீஸில் எடுக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணை சொல்வது இதுதான்: "இவங்கள் கப் எடுக்க மாட்டாங்கள் தம்பி. எண்டாலும் பார்க்காம இருக்கேலாது." 2013-ல் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றதை நேற்று நடந்தது மாதிரி சொல்வார். பாதி டொராண்டோ அவரைப் போலத்தான்.

புதிதாக வந்த நண்பர்கள் என்னிடம் கேட்கும் சில கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

வட்டு கண்ணுக்கே தெரியவில்லை என்கிறார் ஒரு நண்பர். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான். வட்டைத் தேடாதீர்கள், ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள், கண் தானாகப் பழகிவிடும். 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஒருவர் முக்கால் நிமிடம் பாய்ந்து ஆடிவிட்டு வெளியே வர, ஆட்டம் நிற்காமலேயே இன்னொருவர் உள்ளே போவார். தவறு செய்தவர் 2 நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார, எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். அதற்குப் பெயர் பவர் ப்ளே. கிரிக்கெட் பவர் ப்ளேயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐசிங், ஆஃப்சைடு போன்ற விதிகள் எல்லாம் மெதுவாகப் புரியும், அவசரமில்லை.

எங்கே பார்ப்பது? சனிக்கிழமை இரவு 7 மணிக்கு 'ஹாக்கி நைட் இன் கனடா'. கனடாவின் பொது ஒளிபரப்பான சிபிசியில் ஆட்டம் வந்தால் ஆன்டெனா போதும், மாதக் கட்டணம் இல்லை. இதே நிகழ்ச்சிக்குப் பஞ்சாபி வர்ணனையும் வந்தது உண்டு. 2016-ல் பிட்ஸ்பர்க் வீரர் போனீனோ கோல் அடித்தபோது பஞ்சாபி வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் அவர் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தியது நாடு முழுக்கப் பரவியது. தமிழில் ஒருவர் அப்படிக் கத்திக் கேட்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை.

டிக்கெட் கேட்ட சகோதரிக்கு: லீஃப்ஸ் ஆடும் ஸ்கோஷியாபேங்க் அரீனா யூனியன் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, குளிரில் இறங்காமல் உள்வழியாகவே போகலாம். ஆனால் விலை எளிதில் நூறு டாலரைத் தாண்டும். முதல் வருஷம் அந்தப் பணத்தை வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிபிஷன் மைதானத்தில் இருக்கும் கோகோ கோலா கொலிசியத்தில் லீஃப்ஸின் இளைய அணியான மார்லீஸ் ஆடுகிறது, விலை பல மடங்கு குறைவு. பெண்கள் லீகின் டொராண்டோ செப்டர்ஸுக்கும் அதே அரங்குதான். பிள்ளைகளோடு போக எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இன்னொன்று, சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கி, ஒரே டிக்கெட்டை மூன்று பேருக்கு விற்றிருந்ததால் வாசலிலேயே திரும்பினேன்.

பையனை ஹாக்கியில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: முதலில் சறுக்கப் பழகட்டும். ஸ்கார்பரோ சிவிக் சென்டர் பக்கம் ஆல்பர்ட் கேம்ப்பெல் சதுக்கத்தில் நகராட்சியின் திறந்தவெளிப் பனிச்சறுக்குத் தளம் (ரிங்க்) இருக்கிறது, இலவசம். ஸ்கேட்டைப் பழையதாக வாங்குங்கள், கால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஹெல்மெட் மட்டும் புதிது. முழு ஹாக்கி சாமான், ரிங்க் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் பர்ஸ் கிழியும், தெருவில் பந்து வைத்து ஆடும் ஹாக்கிக்கு ஒரு மட்டை போதும். லீஃப்ஸுக்கு ஆடிய வெய்ன் சிம்மண்ட்ஸும் மைக்கேல் பண்டிங்கும் ஸ்கார்பரோ பையன்கள்தான்.

நானும் அந்த ரிங்கில் இறங்கினேன். கோவில்பட்டி ஹாக்கி முதல் இருபது நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றது. ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று பக்கத்தில் வந்து, முட்டியை மடக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. தொப்பியும் ஜாக்கெட்டும் சரி, எங்கே பார்த்தாலும் லீஃப்ஸ் நீலம்.