10க்கு 11 அடி அறைக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். 10 அடி அகலமும் 11 அடி நீளமும் கொண்ட காங்கிரீட் அறை ஒன்றைப் பாட்டு கேட்பதற்கென ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளையே கேட்பேன். சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி வைக்க இடமில்லை. எலாக் டெபியூ பி5.2, கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

மறுமொழி 1:
பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியைக் கூட்ட ஸ்பீக்கர் பெட்டியில் விடும் காற்றுத்துளை எலாக்கில் முன்பக்கத்திலும் கேஇஎஃப்பில் பின்பக்கத்திலும் இருக்கிறது. சுவரருகே வைக்க முன்பக்கத் துளையே வசதி. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் எலாக்கையே வாங்கி, மிச்சமாகும் பணத்தில் நல்ல ஸ்டாண்டு வாங்குவேன். பெயர்தான் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். தயவுசெய்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
துளையின் திசைக்கு அவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலி எல்லாத் திசைகளிலும் பரவிச் சுவரில் பட்டுத் திரும்புவதால், எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் சுவரருகே அதன் பாஸ் கூடவே செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல் அறையின் அளவுதான்: 11 அடி நீளத்தில் சுமார் 51 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்வு (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே குறிப்பிட்ட ஒலி மட்டும் பெருகுவது) எழும் என்பதாலும், இவ்விரண்டும் நெருங்கியிருப்பதாலும், அந்தப் பகுதி மட்டும் தேவைக்கு மேல் முழங்கும். நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் முழக்கம் இன்னும் கூடும். ஜமுக்காளமும் கனமான திரையும் மேல்ஸ்தாயி எதிரொலியைத்தான் அடக்குமே தவிர, இந்தத் தாழ்ந்த முழக்கத்தைத் தொடாது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், எழுப்பும் ஒலி தேவையின்றி நீண்டால், துளையைப் பஞ்சால் அடைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டையும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பார்க்க முடியுமா என்று விசாரிக்கிறேன். நாற்காலியை இன்றே நகர்த்திவிடுகிறேன்.