மறுமொழி: நுண்ணூசித் திசுப் பரிசோதனை, ஒரு சொல் போதாது

ஐயா, வணக்கம். நீங்கள் தந்த 'நுண்ணூசித் திசுப் பரிசோதனை' என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃப்.என்.ஏ. (fine-needle aspiration, மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது), எஃப்.என்.பி. (fine-needle biopsy, மெல்லிய ஊசியால் திசுவை வெட்டி எடுப்பது) இரண்டுக்கும் அதையே போட்டால் கணையக் கட்டி பற்றி எழுதும்போது மாட்டிக்கொள்வோம், அங்கே பேச்சே இந்த இரண்டில் எது மேல் என்பதுதான்.

இரண்டிலும் போகும் வழி ஒன்றே. நுனியில் மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியுள்ள அகநோக்கி (எண்டோஸ்கோப்) வாய்வழியே இறங்கும். கட்டி கணையத்தின் தலையில் என்றால் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தும், உடல், வால் என்றால் இரைப்பையிலிருந்தும் சுவரைத் துளைத்து ஊசி போகும். பெரும்பாலும் 22 அல்லது 25 கேஜ் (எண் கூடினால் ஊசி மெல்லிசு, 22 என்பது ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்). எஃப்.என்.ஏ.வில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்ப்பார்கள், கிடைப்பவை உதிரி செல்கள். கணையப் புற்றோ நார் மண்டிய கெட்டிக் கட்டி, செல் லேசில் உதிராது. பக்கத்தில் ஒருவர் நுண்ணோக்கியோடு உட்கார்ந்து 'போதும்' என்று சொன்னால் நல்லது, இல்லையென்றால் இன்னும் இரண்டு குத்து.

எஃப்.என்.பி. ஊசிக்கு வாயே வேறு. பிரான்சீன் வகையில் மூன்று பல், கிரீடம் மாதிரி. வெட்டி எடுப்பதால் சேமியாத் துண்டு போல ஓர் இழை வரும், செல்கள் அடுக்கியிருந்த விதமும் அதில் தெரியும். தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கணையத்தையே தாக்குவது) புற்று மாதிரியே வேஷம் போடும், அதைக் கண்டுபிடிக்க இந்த அடுக்கு வேண்டும். மரபணுச் சோதனைக்கும் இதுதான் வசதி, குத்தும் குறையும். என் ஓட்டு இதற்கே.

சரி, சொல்லுக்கு வருவோம். 'உறிஞ்சல்' என்று பிரிக்கலாமா என்றால், எஃப்.என்.பி.யிலும் சிரிஞ்சு வைத்து உறிஞ்சுகிறார்கள். அப்புறம் 'குத்தூசி' தோன்றியது. மண்டியில் மூட்டையைப் பிரிக்காமலே சொருகி அரிசி எடுத்துக் காட்டுவார்களே, அது. ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அரிசி உதிரியாக அல்லவா வருகிறது, அப்படிப் பார்த்தால் அது எஃப்.என்.ஏ.வுக்குப் போய்விடும்!

அதனால் கையில் வருவதை வைத்தே பெயரிடலாம்: நுண்ணூசிச் செல்லெடுப்பு, நுண்ணூசி இழையெடுப்பு. இலங்கையில் திசுவுக்கு இழையம் என்பதே வழக்கு, ஆகவே பின்னது அவர்களுக்கும் ஒட்டும். முன்னதை, செல்லைக் கலம் என்னும் அவர்கள் வழக்கப்படி, 'கலமெடுப்பு' ஆக்கினால் மட்டும் இங்கே பாத்திரம் தூக்குவதாக நினைப்பார்கள்.