இசைக்குத் தரம் உண்டா, எல்லாம் ரசனைதானா?

ஹட்டன்காரன்:
மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து, ராத்திரி முழுக்கத் தப்பு மேளம்தான். கொழும்பிலிருந்து வந்த மச்சான் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே "இது வெறும் சத்தம், கர்நாடக சங்கீதம்தான் தரம்" என்றார். சுருக்கென்றது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. தரத்தை அளக்க முடியுமா?

லயத்துப்பையன்:
எல்லாம் ரசனைதான் அண்ணே. அம்மாவுக்குப் பழைய ரேடியோ பாட்டு, எனக்கு பைலா ஆட்டப்பாட்டு. யார் தீர்ப்புச் சொல்வது?

பனிமூட்டம்:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஒரே சுருதிக்கு வைத்த இரண்டு கம்பியில் ஒன்று லேசாக விலகினால் ஒலி துடிப்பது காதுக்கே கேட்கும், அதைக் கருவியாலும் அளக்கலாம். ஆனால் எந்த அளவுகோல்? ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரம்தான், சுரத்தை அசைத்துக் கமகம் பாடுகிறவர் அந்த இடைவெளிகளுக்குள் வழுக்கிப் போவார், அதைப் பிழை என்பீர்களா? தப்பும் அப்படித்தான். என் தாத்தா தப்படிக்கிறவர். பனியில் தோல் தொய்ந்துவிடும், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறைக் கொளுத்திக் காய்ச்சுவார், விரலால் தட்டிப் பார்த்து "இன்னும் ஏறல" என்று திரும்பவும் நெருப்பில் காட்டுவார். அடி பிசகினால் ஆடுகிறவன் கால் பிசகும், உடனே பாட்டிமார் திட்டுவார்கள். சங்கீதம் படிக்காத அந்தப் பாட்டிமாருக்குத் தரம் தெரியாதா?

லயத்துப்பையன்:
அது சரி. ஆனால் பிசகாமல் அடிக்கிற இரண்டு பேரில் ஒருவரைத்தானே பிடிக்கிறது?

பனிமூட்டம்:
அங்கேதான் எனக்கும் வாய் அடைக்கும்.

ஹட்டன்காரன்:
மச்சானை அடுத்த மாசிக்கும் கூப்பிடுகிறேன். இந்தத் தடவை நெருப்புப் பக்கத்தில் உட்கார வைக்கணும்.