ஒவ்வொரு இரவும் எந்த ஏரி என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேனோ பயணம் போகணுமா?

துடுப்புக்காரன்

போன செப்டம்பரில் நாங்கள் நாலு பேர், இரண்டு கேனோ (துடுப்புப் போடும் ஒல்லிப் படகு), ஐந்து இரவு. திரும்பி வந்து மாதக்கணக்காகியும் மூன்றாம் நாள் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு ஒரு சண்டையையும் ஆரம்பித்து வைக்கலாம் என்று வந்தேன்.

நாங்கள் போன காட்டில் எந்த இரவு எந்த ஏரியில் தங்குவோம் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்கு மூன்று போர்ட்டேஜ் முடித்து (படகையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிவரை நடப்பது, புதியவர்களுக்காகச் சொல்கிறேன்) பெரிய ஏரிக் கரைக்கு வந்தோம். எதிரே நாலு கிலோமீட்டர் திறந்த தண்ணீர். நேர் எதிர்காற்று. அலைகளின் தலையில் வெள்ளை நுரை. நாலு பேருக்கும் உள்ளுக்குள் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் அன்றைய பதிவு அக்கரைக்கு அப்பால். "போயிடலாம்" என்று ஒருவன் சொன்னான், மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

பாதி வழியில் படகின் மூக்கு அலைக்குள் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் என் மடியில் ஒரு குடம் தண்ணீர். நடுவில் இருந்த பாறைத் திட்டில் ஏறி, இறைத்து, இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தங்க வேண்டிய ஏரிக்குப் போனபோது ராத்திரி ஏழே முக்கால். டார்ச் வெளிச்சத்தில் கூடாரம் போட்டோம்.

இனி இரவுக்கு இரவு பதிவு செய்கிற இடத்துக்கே போவதில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காடு மாதிரி, நுழைகிற தேதியும் நுழைகிற இடமும் மட்டும் பதிவு செய்தால் போதும், உள்ளே உன் பாடு என்று விடுகிற இடம்தான் எனக்கு.

சுமைதாங்கி

தப்பிப் பிழைத்து வந்ததில் சந்தோஷம். ஆனால் பழியைப் பதிவின் தலையில் போடாதீர்கள். அன்றைய நாளை எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருந்தீர்கள்? போர்ட்டேஜ் எத்தனை? ஒரே நடையில் தூக்கினீர்களா, இரண்டு நடையா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. பவுண்டரி வாட்டர்ஸில் உள்ளே எங்கே வேண்டுமானாலும் போகலாம், சரி. ஆனால் எங்கே வேண்டுமானாலும் படுக்க முடியாது. அடுப்புக்கம்பி வைத்துக் குறித்த முகாமிடங்களில்தான் தங்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதல் இடம். ஆகஸ்டில் ஒருமுறை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் ஏரியில் நுழைந்தேன். ஒவ்வொரு முனையைச் சுற்றும்போதும் ஒரு நீல தார்ப்பாய், ஒரு புகை, கையசைக்கும் ஓர் ஆள். அடுத்த ஏரியிலும் அதே கதை. உங்கள் சுதந்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கே இடம் பிடிக்கப் பந்தயம் ஓடுகிறார்கள்.

நீர்க்கோழி

சுமைதாங்கி அண்ணா சொல்கிற பந்தயம் உண்மைதான். இருந்தாலும் நான் துடுப்புக்காரன் பக்கம்.

நானும் தங்கையும் ஒருமுறை தாளில் பதிவு இல்லாத பயணத்தில் இரண்டு நாள் ஒரே இடத்தில் காற்றில் மாட்டிக்கொண்டோம். காலை நாலரைக்கு எழுந்து கரைக்குப் போய்ப் பார்ப்போம். தண்ணீர் கறுப்பாக, கோடு கோடாக ஓடும். திரும்பி வந்து படுத்துக்கொள்வோம். படகைக் கவிழ்த்து மரத்தில் கட்டியிருந்தோம், அதுவும் ராத்திரி முழுக்கத் தடதடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் ஒரு நிமிஷம்கூட "போயே ஆகணும்" என்று தோன்றவில்லை. போவதற்கு ஓர் இடம் என்று எழுதி வைக்கவில்லையே! கையில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் நான் முதல் நாளே இறங்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

துடுப்புக்காரன்

கேட்டதற்குப் பதில். படகில் 18 கிலோமீட்டர். போர்ட்டேஜ் ஐந்து: 900, 400, 250, 1,300, 650 மீட்டர். மொத்தம் 3,500. ஆகமொத்தம் இருபத்தொன்றரை கிலோமீட்டர், மணிக்கு ஐந்து என்று வைத்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று கணக்குப் போட்டேன். மூட்டை அதிகம், அதனால் இரண்டு நடை.

சுமைதாங்கி

இதோ! இங்கேதான் அன்றைய இருட்டு ஆரம்பிக்கிறது.

இரண்டு நடை என்றால் தூரம் இரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்கு. சுமையோடு போகிறீர்கள், வெறுங்கையோடு திரும்பி வருகிறீர்கள், மறுபடி சுமையோடு போகிறீர்கள். 3,500 மீட்டர் என்பது பத்தரை கிலோமீட்டர் நடை. வேரும் சேறும் உள்ள பாதையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தாலே பெரிது, அதுவே மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு போர்ட்டேஜிலும் இறக்க, ஏற்ற கால் மணி நேரம், அது ஒன்றேகால். சுமை ஏற்றிய கேனோ அமைதியான தண்ணீரில் மணிக்கு நாலு, 18 கிலோமீட்டருக்கு நாலரை. கூட்டினால் ஒன்பதேகால் மணி நேரம். காற்று இல்லாமல், சாப்பிடாமல், மூச்சு வாங்க உட்காராமல்! நீங்கள் நாலு மணி நேர நாள் என்று எழுதியது அசலில் முழு நாளைவிடப் பெரிது. எந்தப் பதிவு முறை உங்களைக் காப்பாற்றியிருக்கும்?

பவுண்டரி வாட்டர்ஸ் போவதானால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே வரைபடத்தில் போர்ட்டேஜ் நீளத்தை 'ராட்' கணக்கில் போடுவார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கேனோ நீளம். 100 ராட் என்றால் 500 மீட்டர். மீட்டர் என்று படித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

துடுப்புக்காரன்

மூன்று மடங்கு விஷயம் உறைத்தது. மறுக்கவில்லை. எங்களுடையது 32 கிலோ அலுமினியப் படகு, அதைத் தோளில் தாங்கும் நுகக்கட்டை அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்து ஃபர் வியாபாரப் படகோட்டிகள் 41 கிலோ மூட்டை இரண்டை ஒரே நடையில் முதுகில் போட்டுக்கொண்டு போனார்களாம். நான் அந்த வம்சம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளை ஆறு மணி நேரமாகச் சுருக்கினாலும் அந்த ஏரிக்கரையில் அதே காற்று அடித்திருந்தால்? பதிவு அக்கரையில். நான் இக்கரையில். அப்போது உங்கள் கணக்கு என்ன செய்யும்?

பழையதோல்

ரெண்டு பேருமே நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. வடக்கே செப்டம்பர் ஏரி குளிர் என்றால் விளையாட்டுக் குளிர் இல்லை. மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண் சொல்லித்தந்திருக்கிறார்: 1, 10, 1. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை வசப்படுத்த ஒரு நிமிடம். கை கால் சொன்ன பேச்சைக் கேட்பது பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். தம்பி, நாலு கிலோமீட்டர் ஏரியின் நடுவில் கவிழ்ந்தால் கரை இரண்டு கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் யார் நீந்துவது? அந்த ஒரு மணி நேரம்கூட மிதவைச் சட்டை உடம்பில் மாட்டியிருந்தால்தான். இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தால் அது தலையணை.

எனக்குப் பதிவும் வேண்டாம், சுதந்திரமும் வேண்டாம். முதல்நாள் ராத்திரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி பேசி வைத்துக்கொள்வோம்: "வெள்ளை நுரை தெரிந்தால் இறங்குவதில்லை." கரையில் நின்று வாக்கெடுப்பு நடத்தினால் களைத்தவன்தான் ஜெயிப்பான்.

சுமைதாங்கி

அண்ணே சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. துடுப்புக்காரனின் கேள்விக்கு வருகிறேன், நல்ல கேள்வி.

இரவுக்கு இரவு பதிவு செய்கிற இடத்துக்கு நல்ல உதாரணம் கனடாவில் ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா. அங்கே ஏரியைத்தான் பதிவு செய்கிறோம். ஆரஞ்சுப் பலகை மாட்டிய இடங்களில் எது காலியோ அதில் தங்கலாம். பெரும்பாலானவர்கள் நடுவில் ஓர் ஓய்வு நாள் வைக்கிறார்கள். எங்கே வைக்கிறார்கள்? பெரிய ஏரிக்கு முன்னால். நன்றாக ஓய்வெடுத்துவிட்டுக் கடப்போம் என்று. அது தலைகீழ். ஓய்வு நாளை முன்னாலேயே செலவழித்துவிட்டுக் கடக்கிற நாளில் காற்றடித்தால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை.

இரண்டு இரவை ஏரியைக் கடந்த பிறகு வையுங்கள். இக்கரையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அக்கரையில் ஓர் இரவு குறையும், அவ்வளவுதான். அதற்கப்புறம் உள்ள பதிவு எதுவும் நகராது. காற்று இல்லாவிட்டால் அக்கரையில் ஜம்மென்று ஒரு நாள் மீன் பிடிக்கலாம்.

துடுப்புக்காரன்

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இக்கரையில் மாட்டிக்கொண்ட அந்த இரவு எனக்கு அங்கே பதிவு இல்லையே? பதிவு வைத்திருப்பவர் சாயங்காலம் வந்து நிற்பாரே? அதாவது உங்கள் முறைப்படி நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டுமானால் நான் விதியை மீற வேண்டும். இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சுமைதாங்கி

வந்தால் இடத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கேட்பேன். ஓர் இடத்தில் ஒன்பது பேர்வரை தங்கலாம், நீங்கள் நாலு பேர். அவர்களும் அதே காற்றில் அடிபட்டுத்தான் வந்திருப்பார்கள். அசௌகரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவே இல்லாவிட்டால் ஜூலையில் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இரவு ஏழு மணிக்கு ஐந்தாவது முகாமும் நிரம்பியிருப்பதைப் பார்த்தவனுக்குத்தான் பதிவின் அருமை தெரியும்.

நீர்க்கோழி

ஒன்டாரியோவிலேயே இருக்கிற குவெட்டிகோ பூங்காவுக்குப் போங்கள், அங்கே முகாமிடத்துக்குப் பலகையும் கிடையாது, பந்தயமும் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எல்லோராலும் அங்கே போக முடியாது. அதனால் வேறொன்று சொல்கிறேன். கோட்டை நேராகப் போட்டது யார்?

1:50,000 வரைபடத்தில் நாலு கிலோமீட்டர் என்பது எட்டு சென்டிமீட்டர், என் நடுவிரல் நீளம். வீட்டில் விரலை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். நான் பென்சிலில் இரண்டு கோடு போடுவேன். ஒன்று நேர்க்கோடு. மற்றொன்று, காற்று வருகிற பக்கத்துக் கரையை ஒட்டி மரங்களின் மறைவிலேயே போகிற கோடு. இரண்டு கிலோமீட்டர் கூடும், அரை மணி நேரம். ஏரி மேற்கு கிழக்காக நீண்டிருந்து மேல்காற்று அடித்தால் கிழக்கு முனையில்தான் அலை பெரிசு. மேற்குக் கரையோரம் ஏறக்குறைய கண்ணாடி மாதிரி கிடக்கும். ஒரே ஏரி, ஒரே நேரம்.

அப்புறம், மதியம் ஒரு மணிக்குப் பெரிய ஏரிக்கு வராதீர்கள். காற்று பெரும்பாலும் காலை ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் எழும். முதல்நாளே ஏரிக்கரையில் முகாம் போட்டு, விடியும்போது இறங்கி, எட்டு மணிக்குள் அக்கரை. காலை உணவெல்லாம் அங்கே போய்த்தான்.

பழையதோல்

இது பேச்சு.

துடுப்புக்காரன்

எதிர்காற்றுக்கு அந்த இரண்டாவது கோடு முழுசாக உதவாது, கரையோரமும் மூஞ்சியில்தான் அடிக்கும். ஆனால் ஒதுங்கக் கரை பக்கத்திலேயே இருக்கும், அது பெரிய விஷயம். செயற்கைக்கோள் கருவி வைத்திருந்தால் வானிலை பார்த்து முடிவெடுக்கலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். உங்கள் அனுபவம்?

பழையதோல்

வைத்துக்கொள். உதவி கேட்க. ஏரியில் இறங்கலாமா என்று அதைக் கேட்காதே, கரையில் நின்று பார். முன்னறிவிப்பு அந்த வட்டாரத்துக்கே பொதுவாகச் சொல்வது, உன் ஏரியின் அலை அதற்குத் தெரியாது.

துடுப்புக்காரன்

சரி. வருகிற ஜூனுக்குப் புதுப் பாதை போட்டாயிற்று. நண்பர்கள் மூவரும் மறுபடி அதே காட்டுக்குத்தான் போகணும் என்கிறார்கள், அதனால் பதிவோடுதான். மனசு ஒப்பவில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். இரண்டாம் இரவு பெரிய ஏரியின் இக்கரை, மூன்றும் நாலும் அக்கரை தாண்டி ஒரே ஏரியில். ஆறு நாளில் போனதை ஏழு நாளாக்கியிருக்கிறேன்.

சுமைதாங்கி

அந்த 1,300 மீட்டர் போர்ட்டேஜ் பாதையில் இருக்கிறதா?

துடுப்புக்காரன்

இருக்கிறது. மூன்றால் பெருக்கினேன், 3,900. பெருக்கின கையோடு அலுமினியப் படகை விட்டுவிட்டு, 19 கிலோ கெவ்லார் (லேசான, உறுதியான செயற்கை இழை) படகு இரண்டு வாடகைக்குச் சொல்லிவிட்டேன்.