லாட்ஜ் ரிஜிஸ்டரும் பர்த்வான்காரர் பேனாவும்

மைப் பேனாவில் எழுதுவதைப் பற்றிய இந்த இழையில் ஹீரோ, ரத்னம், ரங்கா என்று மேலே எல்லோரும் பேனா பெயர்களை அடுக்கிவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு பேனா ஞானம் கிடையாது. கையால் எழுதுவதே பிழைப்பில் பாதி என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்: மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா. பில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், ஆனாலும் மேஜையில் ஒரு நீள ரிஜிஸ்டர் இன்னும் இருக்கிறது. பெயர், வயது, ஊர், எதற்கு வந்தார், கையெழுத்து. காட்பாடியில் ரயில் இறங்கி, மூட்டையும் முடிச்சும் எக்ஸ்ரே கவருமாக வருகிறவரின் எழுத்து கட்டத்துக்கு வெளியே ஓடும். அதே ஆள் ரூமைக் காலி பண்ணும்போது போடுகிற கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு யாரோ போட்ட மாதிரி இருக்கும். நல்ல செய்தியோடு போகிறாரா, கெட்டதோடா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்துக் கொஞ்ச காலம் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பார்க்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை, இப்போதும் பார்க்கிறேன்.

அப்படி மேற்கு வங்கத்து பர்த்வானிலிருந்து வந்தவர்தான் பர்த்வான்காரர். வயது எழுபதுக்குப் பக்கம், மனைவிக்கு வைத்தியம். கயிற்றில் கட்டிப் போட்டிருக்கும் எங்கள் பால்பாயிண்ட் பேனாவை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவை எடுத்து மூடியை நிதானமாகத் திருகினார். பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது, ஆட்டோக்காரர் பாக்கிக்குக் காத்திருக்கிறார், இவர் மூடியைப் பேனாவின் வாலில் செருகி, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு மை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயரையே ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுதி முடித்ததும் அந்த வரியைப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலேயே அது ஒன்றுதான் எழுத்து, மற்றதெல்லாம் கிறுக்கல், என்னுடையதும் சேர்த்து.

சாயங்காலங்களில் மனைவி தூங்கியதும் கீழே வந்து, தண்ணீர் கேன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவார். ஊரில் இருக்கும் தம்பிக்குக் கடிதமாம். எந்த டாக்டர் பார்த்தார், எந்த டெஸ்ட், எவ்வளவு செலவு, சாப்பாடு எப்படி என்று எல்லாம். போனில் சொல்லக்கூடாதா தாதா என்று கேட்டேன் (வங்காளத்துக்காரர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). போனில் சொன்னால் தம்பி அழுகிறான், அப்புறம் பேச்சே நகர மாட்டேன் என்கிறது, எழுதினால் முழுசாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றார், பாதி இந்தியிலும் பாதி கையசைவிலும்.

ஒரு நாள் மை தீர்ந்துவிட்டது. லாங் பஜார் கூட்டிப்போய் பிரில் ராயல் புளூ ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அவர் பழகியது சுலேகா மையாம். சுதேசி இயக்க சூட்டில் 1934-இல் மைத்ரா சகோதரர்கள் ஆரம்பித்தது, அந்தக் காலத்தில் வங்காளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து கோர்ட் குமாஸ்தா வரை அதுதான். எண்பதுகளின் கடைசியில் கம்பெனி மூடிப்போய், பல வருஷம் கழித்துத் திரும்பத் திறந்து, 2020-இல் புட்டி மைகளைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மூடியிருந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்றேன். வேறு மையில் எழுதினேன், வேறு என்ன செய்ய முடியும் என்று சிரித்தார்.

மை ஊற்றியதும் பேனாவை என்னிடம் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னார். ஒரே கீறல். பேப்பரை ஊசியால் கிழிக்கிற சத்தம். அவர் என் கையைப் பிடித்து, பேனாவைக் கட்டை விரலால் இடப்பக்கமாகத் துளி திருப்பினார், அவ்வளவுதான், நெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நாற்பது ஐம்பது வருஷம் ஒரே ஆள் ஒரே சாய்வில் எழுதியதில் நிப் முனை அந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அந்தக் கோணத்தில் பிடித்தால்தான் அது எழுதும். பேனாவை இரவல் தராதே என்று பெரியவர்கள் சொன்னதை நான் கருமித்தனம் என்று நினைத்திருந்தேன், விஷயம் வேறு.

எங்கள் பெரியப்பா அப்படிச் சொல்கிறவர். ஆற்காட்டில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். வரி முடிவில் இடம் மிச்சமிருந்தால் கோடு இழுத்து அடைத்துவிடுவார், பின்னால் யாரும் ஒரு வார்த்தை நுழைத்துவிடக் கூடாது. தொகையை எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதுவார். முழுப் பக்கமும் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்துவிட்டால் அன்றைக்கு முகமே தனியாக இருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய ணை, லை, னை எல்லாம் பாடப்புத்தகத்தை விட்டுப் போன பிறகும் அவர் கை கேட்கவில்லை, கடைசிவரை தும்பிக்கைதான். வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, பெயர் மாற்றி, எல்லாம் ஆன பிறகும் எனக்கு வந்த கார்டுகளில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே எழுதினார், தபால்காரரும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தும்பிக்கையை நானும் எழுதுவேன், கடைச் சிட்டையில்கூட. விரல் மேலே போய் வளைந்து இறங்குகிற அந்த ஒரு சுற்று ஒரு சுகம், கீபோர்டில் அது எங்கே கிடைக்கும்.

தமிழுக்கு எந்த நிப் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவத்தில் மெல்லிசுதான், ஃபைன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பட்டையான நிப்பில் ஆங்கிலம் பார்க்க ஜோராக இருக்கும், நம் ‘ண’வும் ‘ஞ’வும் சுழிக்குள் மை நிரம்பிக் கண் மூடிக்கொள்ளும், புள்ளி வைத்தால் அது தனிக் குளம். பேப்பர் விஷயத்தில் விலை கொடுத்து ஏமாற வேண்டாம். கரும்புச் சக்கையில் செய்த டி.என்.பி.எல். (தமிழ்நாடு அரசுக் காகித ஆலை) காகிதம் போட்ட லாங் சைஸ் நோட்டே எனக்குப் போதும், வாங்கும் முன் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் பின்னால் ஊறுகிறதா என்று பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். ஃபில்லரால் நேராக உடம்பில் மை ஊற்றுகிற பேனா வைத்திருப்பவர்கள் கவனிக்க: மை கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்றுதான் அதிகம், கைச்சூட்டில் காற்று விரிந்து மையை முன்னால் தள்ளும், திடீரென்று ஒரு சொட்டு விழும். கத்திரியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் போனால் கேட்கவே வேண்டாம். காலி ஆகும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே ஊற்றிவிடுங்கள். எபோனைட் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது என்பதால் அதில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, பர்த்வான்காரர் மே மாதத்திலும் வெள்ளைச் சட்டையோடு திரிந்தது அப்படித்தான்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வந்தால் எங்கள் லாட்ஜுக்குத்தான் வருவார். நானும் இப்போது கயிற்றுப் பேனாவை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு மைப் பேனாவில்தான் ரிஜிஸ்டர் போடுகிறேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மேஜை விரிப்பில் கறை பட்டால் சொல்வார். ஒரு உதவி வேண்டும்: பெரியப்பா பேனா என்னிடம் இருக்கிறது, நிப்பின் இரண்டு பல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. லாங் பஜாரில் கேட்டேன், புது நிப் போட்டுக்கொள் என்கிறார்கள். எனக்கு அந்த நிப்தான் வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் நிப் நிமிர்த்தித் தருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.